பத்தாயம், ஊஞ்சல் பலகை, பிரம்பு நாற்காலி: போகிக்கு முன்னால் என்ன செய்வது?

கேள்வி இதுதான். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டைப் பிரிக்கப் போகிறார்கள். உள்ளே நெல் சேமிக்கிற மரப் பத்தாயம் ஒன்று, ஊஞ்சல் பலகை, பிரம்பு கிழிந்த இரண்டு நாற்காலிகள், பச்சை பெயின்ட் அடித்த கதவுகள், கஜா புயலில் விழுந்த தென்னையில் போட்ட ஒரு பெஞ்சு, டிரங்குப் பெட்டி நிறையப் புடவைகள், பாய், முறம் எல்லாம் இருக்கின்றன. கேட்டவர் தஞ்சாவூரில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறார். பழைய சாமான் வியாபாரி ஒருவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வீட்டுப் பெரியவர்கள், "போகிக்குள் காலி பண்ணிவிடு, மிச்சத்தைக் கொளுத்திவிடலாம்" என்கிறார்கள். எதை வைத்துக்கொள்வது, வீட்டிலேயே என்ன செய்துகொள்ள முடியும் என்று கேட்கிறார்.

முதலில், போகிக்கு முன்னால் எதையும் அறுக்க வேண்டாம், பெயின்ட் அடிக்க வேண்டாம், போகியன்று கொளுத்தவும் வேண்டாம். துடைத்து, கழற்றி, அடையாளம் போட்டு, ஈரம் படாத இடத்தில் அடுக்கி வையுங்கள். இப்போதைக்கு அது போதும். மரவேலைக்கு நம் ஊரில் நல்ல காலம் பங்குனியும் சித்திரையும்தான். தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்த ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், இணைப்புகள் இறுகியிருக்கும், பாலிஷ் போட்டால் வெள்ளை பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பழைய மரச்சாமானைக் கையில் எடுத்ததும் எதுவாக மாற்றலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றுகிறது. அதற்கு முன்னால், இது என்ன மரம், எங்கே கெட்டிருக்கிறது, எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் காலத்துத் தச்சர் வைரம் பாய்ந்த மரமாகப் பார்த்து எடுத்திருப்பார். இன்றைக்கு அந்த மரத்தைப் புதிதாக வாங்கப் போனால்தான் அதன் அருமை தெரியும். அதை வெட்டிச் சின்னச் சின்ன அலங்காரப் பொருளாக ஆக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. பழுது பார்த்தாலே போதும் என்றால் அதோடு நிறுத்துங்கள். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பின்னால் ஒரு நாள் பழையபடி திரும்ப வைக்க முடிகிற மாதிரி மாற்றுங்கள்.

பூச்சியை எப்படிக் கண்டுபிடிப்பது? கரையான் என்றால் மண்கோடு இருக்கும், தட்டினால் உள்ளே வெற்றுச் சத்தம் கேட்கும். உளுப்பது வேறு. ஊசி குத்தியது மாதிரி சின்ன ஓட்டைகள் இருக்கும், அதிலிருந்து மாவு மாதிரித் தூள் உதிரும். ஓட்டை இருப்பதாலேயே பயப்பட வேண்டாம், அது எப்போதோ வண்டு வெளியேறிய வழியாகவும் இருக்கலாம். அந்த இடத்துக்குக் கீழே ஒரு கறுப்புத் துணியை விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதிதாகத் தூள் விழுந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது. பெரும்பாலும் மரத்தின் வெளிப்பக்கத்து வெள்ளைதான் உளுக்கும், தேக்கின் வைரத்தை வண்டு அவ்வளவு சுலபத்தில் தொடாது. உளுத்த இடத்தில் பாலிஷைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெங்காரமும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து, மரம் குடிக்கிற வரைக்கும் தூரிகையால் பூசுங்கள். பாலிஷுக்கு மேலே பூசினால் உள்ளே இறங்காது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காய்கிற வரை குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். சாப்பாடு நேராகப் படுகிற பலகைக்கு இது வேண்டாம்.

அடுத்தது பத்தாயம். உங்கள் பட்டியலில் நான் ஆசைப்படுகிற சாமான் இதுதான். மேலே மூடியைத் திறந்து நெல்லைக் கொட்டுவார்கள், அடியில் உள்ள சின்னத் திறப்பு வழியாக வேண்டியபோது எடுப்பார்கள். 12 மரக்கால் ஒரு கலம் என்று கணக்குப் பார்த்து நெல் அளந்த வீடுகளில் இது இல்லாமல் இருக்காது. அந்த அடித்திறப்பின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். எந்த உப்புத்தாளாலும் அந்த வழவழப்பு வராது. உமியில் சிலிக்கா நிறைய இருக்கிறது, அது மரத்தை உரசிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்காக நெல் வழிந்து இறங்கியதிலும், கைகள் போய் வந்ததிலும் தேய்ந்த மரம் அது. அந்தப் பலகையில் மட்டும் எந்தத் தேய்ப்பு வேலையும் செய்யாதீர்கள்.

கழற்றுவதற்கு முன்னால் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஒவ்வொரு பலகையின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் எண் போடுங்கள். பழைய தச்சர்களே உளியால் கோடு போட்டு வைத்திருப்பார்கள், முதலில் அதைத் தேடுங்கள், கிடைத்தால் உங்கள் எண்ணை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், நெல் சுணை எத்தனை வருடமானாலும் அரிக்கும். இன்னொன்றை வீட்டுப் பெரியவர்களிடம் அவசியம் கேளுங்கள்: நெல்லுக்கு வண்டு வராமலிருக்க உள்ளே பூச்சி மருந்துத் தூள் போட்டதுண்டா? போட்டிருந்தால் உள்பக்கத்தை ஈரத்துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து, அந்தத் துணியைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்முகத்துக்கு இரண்டு கோட் வார்னிஷ் கொடுங்கள். அப்புறமும் அதில் சாப்பாட்டுச் சாமான் வைக்க வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு முழுப் பத்தாயம் வராது என்றே வைத்துக்கொள்வோம். அடுக்கடுக்காகக் கழற்றக்கூடியதாக இருந்தால், கீழ் அடுக்கையும் மூடியையும் மட்டும் சேர்த்தால் ஜன்னலோரம் உட்காருகிற பெட்டி கிடைக்கும், உள்ளே போர்வை, தலையணை வைக்கலாம். மிச்சப் பலகைகளை அறுக்காமல் அதே நீளத்தில் புத்தக அடுக்காகப் போடுங்கள். இருபுறமும் காடி (பலகை சொருகுகிற பள்ளம்) எடுத்த இரண்டு சட்டங்களை மட்டும் தச்சரிடம் புதிதாகச் செய்யச் சொன்னால் போதும், பலகைகள் அதில் சொருகி உட்காரும், ஆணி தேவையில்லை. நவராத்திரிக்கு அதே பலகைகளை எடுத்து ஒற்றைப்படையில் அடுக்கினால் கொலுப்படி. வருடத்தில் ஒன்பது நாள் கொலு, மற்ற நாளெல்லாம் புத்தகம். இந்த ஏற்பாட்டை நான் யார் கேட்டாலும் சொல்கிறேன், ஏனென்றால் பலகை எதுவும் குறைவதில்லை. பின்னால் பெரிய வீடு அமைந்தால் பத்தாயமாகவே திரும்ப நிற்கும்.

பத்தாயத்தில் ஒன்றிரண்டு பலகைகள் மஞ்சளாக, பலா மரமாக இருந்து, வெடித்துப் போயிருந்தால் அதையும் வீசாதீர்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு அந்தக் காலத்தில் பலாப்பலகைதான் அடிப்படை. அதன்மேல் துணி ஒட்டி, புளியங்கொட்டைப் பசையும் சுண்ணப்பொடியும் கலந்து பூசித் தேய்த்துத்தான் வரைவார்கள். இப்போது பெரும்பாலும் பிளைவுட்தான். நல்ல பழைய பலாப்பலகை கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிற ஓவியர் உங்கள் ஊரிலேயே இருப்பார்.

ஊஞ்சல் பலகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஓட்டு வீட்டில் அது விட்டத்தில் தொங்கியது. கான்கிரீட் தளத்தில் ஃபேன் கொக்கியில் மாட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடவே கூடாது. தளத்தின் இரும்புக் கம்பியோடு சேர்த்துக் கொக்கி போட்டிருந்தால்தான் ஊஞ்சல், அதையும் கட்டடம் தெரிந்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் பலகையைத் தாழ்ந்த மேசையாகவோ பெஞ்சாகவோ வைத்துக்கொள்ளுங்கள். கீழே இரண்டு கட்டைகளைக் குறுக்காகக் கொடுத்து அதன்மேல் பலகையைச் சும்மா வைத்தாலே அதன் கனத்தில் அசையாது. சங்கிலி மாட்டிய வளையங்களைப் பிடுங்காதீர்கள், ஓட்டைகளை அடைக்காதீர்கள். சங்கிலியை எண்ணெய் போட்டுச் சாக்கில் கட்டி வையுங்கள்.

அதன் பாலிஷ் மங்கியிருந்தால் உடனே சுரண்ட ஆரம்பிக்காதீர்கள். அடிப்பக்கத்தில் கண்ணுக்குப் படாத ஒரு மூலையில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தேயுங்கள். பிசுபிசுவென்று ஒட்டினால் அது அரக்குப் பாலிஷ். அப்படியானால் உங்களுக்கு அதிர்ஷ்டம், சுரண்டாமலே அதை மீட்கலாம். சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அழுக்கை எடுத்து நன்றாகக் காயவிடுங்கள். அவல் மாதிரித் தகடுதகடாக இருக்கிற அவலரக்கை ஸ்பிரிட்டில் போட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு வடிகட்டுங்கள். பஞ்சு உருண்டையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதில் தோய்த்து மரத்தின் ஓட்டத்திலேயே மெல்லியதாக இழுத்துக்கொண்டு போங்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வேட்டிதான் இதற்குச் சரி, புதுத்துணி பஞ்சுத்தூள் விடும். ஒரே தடவையில் பளபளப்பைக் கொண்டுவரப் பார்க்காதீர்கள். ஒரு கோட் காய்ந்ததும் அடுத்தது, அப்படியே நாலைந்து. வேலை செய்கிற இடத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது, ஸ்பிரிட் குப்பென்று பற்றும். அரக்குப் பாலிஷுக்கு ஒரு குறை உண்டு: சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வட்டம் விழும். பலகையைச் சாப்பாட்டு மேசையாக்கப் போகிறீர்கள் என்றால் பியூ (பாலியூரித்தேன்) வார்னிஷ் போடுவதே உசிதம்.

நாற்காலிகளுக்கு வருவோம். சட்டம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஆணி அடிக்கத்தான் எல்லோருக்கும் கை வரும், ஆனால் ஆணி அந்த இணைப்பைப் பிளந்துவிடும். ஒரு கட்டையின் நாக்கு மற்றதன் துளைக்குள் உட்கார்ந்திருக்கும். பழைய நாற்காலிகளில் மாட்டுத்தோல், எலும்பு காய்ச்சி எடுத்த வச்சிரப் பசை போட்டிருப்பார்கள், அது வெந்நீருக்கு இளகும். துணியை வெந்நீரில் நனைத்து இணைப்பைச் சுற்றி வைத்தால் சற்று நேரத்தில் கழன்று வரும். பழைய பசையை முழுக்கச் சுரண்டுங்கள், அதன்மேல் ஃபெவிகால் பிடிக்காது. புதிதாகப் பசை தடவி மாட்டியதும், நாலு காலையும் சேர்த்துக் கயிற்றால் சுற்றிக் கட்டி, கயிற்றுக்கு நடுவில் ஒரு குச்சியை விட்டு முறுக்குங்கள். இரும்புக் கிடுக்கியே வேண்டாம், அவ்வளவு இறுகும். மறுநாள் வரை தொடாதீர்கள்.

இருக்கைச் சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் அதற்குப் பிரம்புப் பட்டைதான் பின்ன வேண்டும். சீர்காழிக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே கொள்ளிடம் பக்கத்தில் தைக்கால் இருக்கிறது. பிரம்புச் சாமானுக்கும் பாய்க்கும் பேர்போன ஊர். நாற்காலியை ஏற்றிக்கொண்டு போய் அங்கே விசாரித்தால் பின்னிக் கொடுப்பவரோ பட்டை தருபவரோ கிடைப்பார். நீங்களே பின்ன ஆசைப்பட்டால், பழைய பின்னலில் கிழியாத ஒரு மூலையை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், எது மேலே, எது கீழே போகிறது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பட்டையைத் தண்ணீரில் ஊறவைத்துத்தான் பின்ன வேண்டும், ஈரத்தில் வளையும், காய்ந்ததும் தானே விறைக்கும். முதலில் நெடுக்கு, பிறகு குறுக்கு, கடைசியில் மூலைவாட்டில் இரண்டு திசை. ஒயர்கூடை பின்னிய கை என்றால் இது பிடிபட அதிக நாள் ஆகாது. உட்கார்ந்து உட்கார்ந்து தொய்ந்து போனாலும் கவலையில்லை, நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்து நிழலில் காயவிட்டால் பழையபடி இறுகும்.

பச்சைக் கதவுகள்தான் எனக்குக் கவலை. அந்தக் காலத்து ஆயில் பெயின்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி நம் நாட்டில் அமலுக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதனால் பழைய பெயின்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூள் குழந்தைகள் உடம்புக்குள் போனால் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். சூடு காட்டியும் உரிக்காதீர்கள். எடுத்தே ஆகவேண்டும் என்றால் திறந்த வெளியில், தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகவே தேய்த்து, வழிகிற குழம்பைப் பழைய துணியால் வழித்து மூடிய பையில் கட்டுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவி விடாதீர்கள். போகியில் கொளுத்த வேண்டாம் என்று நான் ஆரம்பத்திலேயே சொன்னதற்கு இதுவே பெரிய காரணம். பெயின்ட் அடித்த ஒரு கதவு எரிந்தால் அதிலுள்ள ஈயம் புகையில் கொஞ்சம், சாம்பலில் கொஞ்சம் என்று தெருவில்தான் தங்கும். அந்தச் சாம்பலைச் செடிக்குப் போடுகிற வழக்கமும் நமக்கு இருக்கிறது.

கதவை மேசையாக்கிக் கண்ணாடி போடுவது இப்போது பரவலாக இருக்கிறது. செய்யலாம். ஆனால் கனம் அதிகம், சட்டங்களுக்கு நடுவே பள்ளம் இருக்கும், தூசு சேரும். இரண்டு படுக்கையறை வீட்டில் அது பெரும் இடைஞ்சல். பெயின்ட் உரியாமல் கெட்டியாக இருக்கும் ஒரு கதவை மட்டும் எடுத்து, மேலே புது பெயின்ட் ஒரு கோட் கொடுத்துப் பூஜை அலமாரிக்குக் கதவாக மாட்டினால், அது செய்த வேலையையே தொடர்ந்து செய்யும். கொண்டி, நாதாங்கியில் பித்தளை இருந்தால் கழற்றி எடுத்துத் தனியாகப் புளி போட்டுத் தேயுங்கள், மரத்தில் இருக்கும்போதே தேய்த்தால் சுற்றிலும் கறுப்புக் கறை படியும்.

தென்னை பெஞ்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது மன்னார்குடி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் விழுந்த தென்னைகளுக்குக் கணக்கே இல்லை, அதில் பெஞ்சு போட்ட வீடுகளும் உண்டு. தென்னையில் வெளிப்பக்கம் இரும்பு, நடுப்பக்கம் சோறு. பெஞ்சைக் கவிழ்த்துப் பாருங்கள், மெத்தென்ற பக்கம் கீழே இருந்தால் அங்கேதான் உளுத்திருக்கும். கெட்டிப்பாகம் இரண்டு அங்குலமாவது மிஞ்சினால் அதை மட்டும் வைத்துக்கொண்டு, செடித்தொட்டி வைக்கிற பலகையாக்குங்கள். கீழே செங்கல் கொடுத்து, தரை ஈரம் ஏறாமல் வையுங்கள்.

முறத்துக்கு நம் வீடுகளிலேயே ஒரு பழைய கைவேலை இருந்தது. காகிதத்தைக் கிழித்து இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, ஊறின வெந்தயத்தோடு சேர்த்து வெண்ணெயாக அரைத்து, முறத்தின் இரண்டு பக்கமும் பூசிக் காயவைப்பார்கள். வெந்தயத்தின் கொழகொழப்புதான் பிடிப்பு. விளிம்பில் மூங்கில் பிரிந்த இடத்தில் முதலில் பழைய வேட்டித் துணிக் கீற்றை வைத்துப் பூசிவிட்டு, பிறகு நடுவுக்கு வாருங்கள். உள்ளங்கையைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வழித்தால் ஒரே கனமாக வரும். சித்திரை வெயிலில் இரண்டு நாள் போதும், மழைநாளில் பூசினால் பூஞ்சைதான் வரும். அரிசி புடைக்க வேண்டுமென்றால் அச்சடித்த செய்தித்தாளைப் போடாதீர்கள், மை வேண்டாம், வெள்ளைத்தாளாகப் பார்த்துப் போடுங்கள். காய்கறி, சாவி, தையல் சாமான் வைக்க என்றால் எந்தக் காகிதமும் சரி. இதே கூழை ஒரு கிண்ணத்தின் மேல் அப்பிக் காயவைத்துக் கழற்றினால் கூடை. பிள்ளைகளை உட்கார்த்திவைத்துச் செய்ய இதைப்போல ஒரு வேலை கிடையாது.

பாய் ஓரத்தில் பிய்ந்து நடுவில் நன்றாக இருந்தால், வெட்டுகிற கோட்டின் இரண்டு பக்கமும் முதலில் நூல்துணிப் பட்டி வைத்துத் தைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். முதலில் வெட்டினால் கோரை முழுக்க உருவிக்கொண்டு வந்துவிடும். தட்டுக்கு அடியில் போட, ஜன்னலுக்குத் தட்டி கட்ட, எல்லாவற்றுக்கும் ஆகும். பட்டுப்புடவைகளை மடிப்பு மாற்றாமல் வைத்திருந்தால் மடிப்பிலேயே இற்றிருக்கும். அதை மெத்தை உறையாக்காதீர்கள், ஒரே மாதத்தில் கிழியும். கெட்டியான முந்தானையை மட்டும் எடுத்து, பின்னால் நூல்துணி கொடுத்துத் தைத்து, கொலுப்படியில் விரிக்கவோ சுவரில் மாட்டவோ வையுங்கள். பழைய சரிகையில் வெள்ளி இருக்கும், தெருவில் வந்து கேட்பவர்களிடம் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். நூல்புடவைகள் தூளிக்கும் ஒட்டுப்போர்வைக்கும் உயிர்.

கடைசியாக அந்த வியாபாரி. ஒட்டுமொத்தத் தொகை என்றால் எதற்கு எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். வீட்டைப் பிரிக்கும்போது உத்திரம், விட்டம், தூண், கைமரம் இறங்கும், அவற்றைக் கன அடிக் கணக்கில் அளந்து மரத்துக்கு மரம் தனி விலை கேளுங்கள். கதவு, நிலை, ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லச் சொல்லி எழுதி வாங்குங்கள். காரைக்குடியில் பழைய சாமான் கடைகளுக்கென்றே ஒரு தெரு இருக்கிறது, ஒரு நாள் போய்ச் சுற்றிப் பார்த்தால் விலை நிலவரம் புரியும். உத்திரங்களைத் தாராளமாக விற்றுவிடுங்கள், உங்கள் வீட்டில் அதற்கு வேலையில்லை, அதை அறுத்து வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது. அந்தப் பணத்திலேயே நாற்காலி பின்னுகிற கூலியும் தச்சர் கூலியும் வந்துவிடும். பேரம் படிகிற நேரத்தில், பத்தாயத்தையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் போட்டுத் தருகிறேன் என்பார். எவ்வளவு சொன்னாலும் அதைக் கொடுக்காதீர்கள்.